திரை மூலையில் இரண்டு கண்கள்

சிங்காநல்லூரில் தன் அப்பாவின் மோட்டார் பம்ப் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், ஜெகதீஷ் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு அதில் லினக்ஸ் ஏற்றினான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொட்டேஷன் அடிக்க அம்மா கோமளாவுக்குக் கற்றுக்கொடுத்தான். திரையின் மூலையில் இரண்டு பொம்மைக் கண்கள் தெரியும்படி ஒரு சின்னப் புரோகிராமையும் வைத்தான். மவுஸ் அம்பு போகும் பக்கமெல்லாம் அவை திரும்பும்.

"அம்பு எங்கீன்னு தெரீலீன்னா இதப் பாத்துக்கங்கம்மா" என்றான்.

தொண்ணூற்றொன்பது மாசியில் பைக் விபத்தில் இறந்துபோனான்.

கோமளா தினமும் கொட்டேஷன் அடித்தாள். சாயங்காலம், அவன் காலேஜ் விட்டு வரும் நேரத்துக்கு, கண்கள் அம்பை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தன. பிறகு அவற்றின் பார்வை மெல்ல நகர்ந்து அவள் பக்கத்துக் காலி நாற்காலிக்கு வந்தது.

பல நாள் கழித்துத்தான் கணவர் லட்சுமணசாமியிடம் சொன்னாள்.

"மிஷின் கோளாறு. நாளைக்கு ஆளக் கூட்டியாந்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுக்கலாம்" என்றபடி அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்கால மில் சங்கு ஊதியது. கோமளா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அம்பு அசையாமல் கிடந்தது. கண்கள் வாசலுக்குத் திரும்பின. அங்கிருந்து மெல்ல வந்து, லட்சுமணசாமியின் தலைக்குச் சற்று மேலே பார்த்தபடி நின்றன. அங்கேயே நின்றன.

"ஏனுங்க" என்றாள் கோமளா. "அவன் நிக்கறானுங்க."

லட்சுமணசாமி எழுந்து, சுவரோரம் போய் நின்றார்.

கண்கள் கொஞ்சம் கீழே இறங்கின.