மெய்ப்பொருள் மன்றத்தில் இருவர்

"கலை பொய்யைச் சொல்லி உண்மையைக் காட்டுகிறது, தத்துவமோ உண்மையைச் சொல்லியே மனிதரை ஒன்றாக்குகிறது!"

1954இல் இந்தப் பேருண்மையைப் போடிநாயக்கனூருக்கு வழங்கியவர், தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஆதித்தன். பெற்றுக்கொள்ள வந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

அன்றும் கடைசிவரை யாரும் உட்காராவிட்டால், ஆதித்தனின் மெய்ப்பொருள் மன்றத்தை மூடிவிட்டு மூட்டை அடுக்கப்போவதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர் வெள்ளைத்துரை சொல்லியிருந்தார். பூட்டோடு வாசலிலேயே நின்றார்.

ஏலக்காய் வியாபாரி தங்கப்பாண்டியும் போடிமெட்டுத் தோட்டக்காரர் பொன்னுமணியும் அசையவில்லை. பேச்சு சூடுபிடித்தபோது இருவரும் கைகோத்து, கூச்சப்பட்டவர்களைப் போல அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். மனிதர் ஒன்றாவதைக் கண்ணாலேயே கண்டுவிட்ட ஆதித்தன் இன்னும் ஒரு மணி நேரம் பேசினார்.

முடிந்ததும் இறங்கி ஓடிவந்தார். "எந்த இடத்தில் உங்கள் மனம் கரைந்தது?"

"'உண்மைக்கு விலையே இல்லை'ன்னீகளே, அங்கனதான்யா இவரு வெடுக்குன்னு கையை உருவிட்டாரு" என்றார் தங்கப்பாண்டி. "மறுபடி விரலைப் பிடிச்சு விலையைப் படிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

"விலையா?"

"துண்டுக்குள்ள விரலைத் தொட்டுத்தான் வாத்தியாரே இங்க ஏலக்காய்க்கு விலை பேசுவாக" என்ற வெள்ளைத்துரை, சொன்ன சொல் தவறாமல் பூட்டை மடியில் செருகிக்கொண்டார்.

"அதற்குக் கடைவீதி இல்லையா?"

"அங்க துண்டைப் போட்டா பத்துப் பேரு எட்டிப் பாக்குறான்" என்றார் பொன்னுமணி. "அடுத்த வாரமும் பேசுங்கய்யா, வர்றோம். இங்கன்னா ஒருத்தரும் வர மாட்டாக."