அசதிக்கு ஒரு கரண்டி

ஒரு மாதத்துக்கு வாங்கிய டப்பா பாதி மாதத்திலேயே காலியானால் நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? தையல்காரி தன் கணவனைத்தான் சந்தேகப்பட்டாள். வருஷக்கணக்காக விடாத அசதிக்காக, டாக்டரிடம் கேட்டு அவள் வாங்கிய அமினோ அமிலப் பவுடர் அது.

"எனக்கெதுக்குடி அது? நானே மாடு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தான் அவன்.

"உங்களுக்கு அசதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அண்ணி. வெறும் சோம்பேறித்தனம். அதுக்கெல்லாமா பவுடர் விக்கிறாங்க?" என்றாள் நாத்தனார். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலும் கையுமாக நாள் முழுக்க ஓடுகிறவள்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. அடுத்து வாங்கிய டப்பாவில் ஒரு பிடி உப்பைக் கலந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சாயங்காலம் சமையலறையில் யாரோ 'தூ' என்று துப்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கையில் டம்ளரோடு நாத்தனார் நின்றிருந்தாள்.

"நீயா?"

"முடியல அண்ணி. ராத்திரி பூரா தூங்கினாலும் காலையில எழுந்திருக்க உடம்பு வரமாட்டேங்குது. உங்களைக் கிண்டல் பண்ண வாயால, நானும் அசதின்னு எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலையில் நாத்தனார் பள்ளிக்கு லீவு போட்டாள். இருவரும் டாக்டரிடம் போனார்கள்.