மேலங்கி யாருக்கு?

அன்றைய மேசை விளையாட்டில் வந்த டிராகன் குகைப் புதையலில் மந்திர மேலங்கி ஒன்றுதான் இருந்தது. கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் ராண்டல், அதற்கான அட்டையைத் தன் மனைவி லொரேன் பக்கம் நகர்த்தினார்.

புதிதாகச் சேர்ந்த கெய்லா மேசையைத் தட்டினாள். “நில்லுங்க! முன்னாடி கிடைச்ச வாளுக்குப் பகடை உருட்டித்தானே பங்கு போட்டோம்? பொண்டாட்டின்னா தனிச் சட்டமா?”

“இந்த ஒரு தடவை விட்டுடேன், கெய்லா” என்றார் ராண்டல்.

“எங்கப்பா பண்ணையில மாடு கறந்தவரு. நல்லதெல்லாம் முதலாளி மருமகனுக்கே போகும். அதைப் பார்த்துதான் நான் காலேஜுக்குப் போனேன். உருட்டுங்க!”

“அவ சொல்றது நியாயம்தானே?” என்று சிரித்த லொரேன், ஆறு முகப் பகடையை எடுத்தாள்.

“அது இல்லீங்க, இருபது முகம்! இதுகூடவா தெரியாது?”

லொரேனுக்கு ஏழு விழுந்தது; கெய்லாவுக்குப் பத்தொன்பது. மேலங்கி கெய்லாவுக்குப் போனது.

அடுத்த காட்சியில் டிராகன் ஊர்மேல் பாய்ந்தது. மேலங்கி அணிந்ததால் அதை நெருங்க முடிந்த, கெய்லா ஆடும் வீராங்கனை அதைக் கட்டிப்பிடித்துத் தானும் எரிந்து ஊரைக் காப்பாற்றினாள். அப்படியொரு சாவுக்கு ஒருவரும் கை தட்டவில்லை.

லொரேன் கோட்டு எடுக்க உள்ளே போனாள்.

“ஏன் எல்லாரும் உம்முன்னு இருக்கீங்க?” என்று கேட்டாள் கெய்லா.

ராண்டல் அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “லொரேனுக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. இன்னைக்குத்தான் அவளுக்குக் கடைசி ஆட்டம். தான் இருபது வருஷமா ஆடின வீராங்கனை, தானே அவளை மறந்துபோறதுக்கு முன்னாடி நல்லபடியா சாகணும்னு கேட்டா. அந்த மேலங்கி அதுக்குத்தான்.”

கோட்டு மாட்டிக்கொண்டு லொரேன் வந்தாள். “கெய்லா, கடைசியில மேலங்கி யாருக்கு விழுந்துது?”

“உங்களுக்குத்தாங்க” என்று கெய்லா அந்த மேலங்கி அட்டையை எடுத்து லொரேன் பக்கம் நகர்த்தினாள்.