தோற்கிற அன்றைக்கு

மூன்றாவது செட்டின் இடைவேளையில் அவன் கோர்ட்டிலேயே மண்டியிட்டு அவளுடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டான். அவள் விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அரங்கமே கைதட்டியது, "புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று வர்ணனையாளர் உருகினார்.

"லேஸ் கட்டினது போதும், அடுத்த சர்வைப் பத்தி யோசி" என்று கடுகடுத்தார் கோச். கூரியர் அனுப்ப வேண்டியிருந்தது என்று காலைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தவன் மேல் அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உலக பாட்மிண்டன் போட்டி, கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். பதினாறு வயதிலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்கள், கல்யாணமாகி நான்கு வருடம். அவன் நெட்டை, அவள் குட்டை. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கைதட்டியவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. ஒரு வருடமாக வீட்டில் இருவரும் எலியும் பூனையும். விவாகரத்துப் பத்திரம் தயார். போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதே என்று, "தோத்து வெளியே வர்ற அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்" எனப் பேசி வைத்திருந்தார்கள். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடுவோம் என்பதுதான் இருவரின் கணக்கும்.

முதல் சுற்றில் அவள் கோட்டைவிட்ட ஒரு ஷட்டிலை அவன் பாய்ந்து விழுந்து எடுத்தான். அத்தோடு அவள் மனது மாறிப்போயிற்று. தோற்றால்தானே கையெழுத்து? அன்றிலிருந்து அவள் கோப்பைக்காக ஆடவில்லை, புருஷனுக்காக ஆடினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று காலிறுதி முடிந்ததும் கோச்சே கேட்டுவிட்டார். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தும் அவன் எழுந்து எழுந்து நின்றான். பிறகென்ன சந்தேகம்? அவனுக்கும் அதே நினைப்புதான்.

கடைசி செட், இருபதுக்கு இருபது. அவள் தலைக்கு நேராக வந்த ஸ்மாஷை அவன் குறுக்கே பாய்ந்து தடுத்தான். ஷட்டில் வலையை உரசி அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்ததை எதிர் ஜோடி கோட்டுக்கு வெளியே அடித்தது. இருபத்திரண்டு - இருபது.

அவள் ராக்கெட்டை வீசிவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

பரிசளிப்பு முடிந்து, உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோப்பையை அவன் அவள் மடியில் வைத்தான்.

"டேய் நெட்டை, நாமதான் தோக்கவே இல்லையே." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடலாமா?"

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படியும் இன்னைக்குத்தானே கடைசி ஆட்டம். காலையிலேயே கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிட்டேன்."

அவள் கோப்பையைப் பெஞ்சில் இறக்கி வைத்தாள்.

"அப்புறம் எதுக்குடா எனக்காக இப்படி விழுந்து அடிபட்டு ஆடினே?"

"நீ வெறுங்கையோட போகக் கூடாதுன்னுதான்."