உள்ளே வைத்த சாவி

அந்த ஆஸ்பத்திரியின் சர்வருக்குச் சொந்தமாக ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பக்கத்துக் கட்டடத்துச் சேமிப்புப் பெட்டியிடம் வயர் வழியே பாஸ்வேர்டைச் சொல்லித்தான் தன் நினைவு மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் பிரிவைத் தனியாளாகப் பார்க்கும் ரெஜினா காலையில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றினாள். இருபத்துநான்கு எழுத்தை யார் மனப்பாடம் செய்வது? பத்திரமாக அதே சர்வருக்குள் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். இப்போது திரை பாஸ்வேர்டு கேட்டபடி நிற்கிறது. சர்வர் அறையின் கதவும் அந்த சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். போன மாதம் அப்படி மாற்றி வைத்ததும் அவள்தான். அவள் உள்ளே மாட்டிக்கொள்ள, கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி நாகப்பன் தன் கார்டைக் காட்டிக் காட்டிப் பார்த்தார்.

"எங்கயாவது எழுதி வச்சிருப்பீங்களே மேடம்."

அவள் சர்வரைக் கை காட்டினாள்.

அவர் போய்ச் சுத்தியலோடு வந்தார். "தள்ளி நில்லுங்க, உடைச்சிடறேன்."

அவருக்குப் பின்னால், நின்றுபோன கம்ப்யூட்டர்களை விட்டு எழுந்து வந்த டாக்டர்களும் நர்சுகளும் அவள் வெளியே வரக் காத்திருந்தார்கள்.

ரெஜினா தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"உடைக்காதீங்கண்ணே," என்றாள்.