வள்ளத்தில் இருந்த பெயர்

அண்ணனும் தம்பியுமாகக் கடலுக்குப் போன வள்ளம், தம்பி ரெக்சனோடு மட்டும் திரும்பி வந்தது. அண்ணனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். ஊர் வள்ளங்களெல்லாம் தேடப் போயின. ரெக்சன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அண்ணன் மனைவி டெல்பின் கரைக்கு வந்தாள். காய்ச்சல்காரன் உச்சிவெயிலில் நின்று, அவள் புருஷன் வள்ளத்தில் எழுதிவைத்திருந்த அவள் பெயரை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தான். தேடல் முடியும்வரை காணாமல்போனவனின் வள்ளத்தில் யாரும் கைவைப்பதில்லை.

"தேடப் போனவங்க இன்னும் கரைக்கு வரலியே, ரெக்சா?"

"இனி கெடைக்காது மைனி." அவன் திரும்பவில்லை. "வள்ளத்தச் சும்மா போட்டா அடுப்பெரியுமா?"

டெல்பின் கடலைப் பார்த்தாள். அத்தனை வள்ளங்களும் திக்குத் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தன. அண்ணன் விழுந்த இடம் தெரிந்த ஒரே ஆள், அடுத்த எழுத்தில் உளியை வைத்தான்.