பத்தாம் நம்பர் ஸ்பேனர்

“அண்ணே, கதவு மறுபடியும் தொங்கிடுச்சி.”

வேனை ஷெட்டுக்குள் ஓரங்கட்டிவிட்டுப் பொன்னுரங்கம் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துகொண்டான். இதையே சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் இது நாலாவது தடவை.

பதினொரு வருஷம் ஓடிய ஆம்னி. கிள்ளையிலிருந்து சிதம்பரம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி. மற்றதெல்லாம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற அந்தக் கதவுதான் உயிரை வாங்கியது. பாதி தூரம் வந்து நின்றுகொள்ளும். தோளைக் கொடுத்து முட்டினால்தான் மூடும்.

மெக்கானிக் ஆரோக்கியராஜ் வந்து, கதவை அடியில் லேசாகத் தூக்கிப் பிடித்துத் தள்ளினார். அவர் தூக்கினால் மட்டும் மரியாதையாகத் திறக்கும். உள்ளேயிருந்த ஆறு பிள்ளைகளும், “மெக்கானிக் தாத்தா” என்று குதித்து இறங்கினார்கள். அவர்களுக்கு என்ன, கதவு கெட்டால் கடலை மிட்டாய்.

“சிந்துஜா, டைரியக் கொண்டா பாப்போம்.”

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் டைரியில் அப்படி என்னதான் இருக்குமோ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடத்திலிருந்து அம்மாவின் கையெழுத்து வரைக்கும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பொன்னுரங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டைரிய அப்பறம் பாக்கலாம்ண்ணே. இன்னொரு தபா கதவு மக்கர் பண்ணா வேற வண்டி வச்சிக்குவோம்னு ஒரு புள்ளையோட அப்பா சொல்லிட்டாரு. அவரு போனா எல்லாரும் போயிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பொழப்புதான்.”

ஆரோக்கியராஜ் சுவர்ப் பலகையில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களில் கையை ஓட்டினார். எல்லாவற்றிலும் அரத்தால் ராவிய சின்னச் சிலுவைக் குறி. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது.

“பத்தாம் நம்பர் இல்ல. எட்டு வருசமா இல்ல” என்று பாக்ஸ் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

“ஒண்ணு வாங்கி மாட்ட வேண்டியதுதான?”

“வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார்.

“ரோலர் புதுசாட்டம் இருக்கு. ரெண்டு போல்ட்டும்தான் லூசு. ரெண்டும் ஒரே அளவு, ஒண்ணரை சுத்து. போல்ட்டுத் தலகூட மழுங்கல. தானா லூசாவலப்பா, வேலை தெரிஞ்ச கை எதுவோ பண்ணுது. கதவு தொங்கும், ஆனா கழண்டு வுழாது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பாத்துப் பண்ணியிருக்கு. பகல்ல வண்டிய எங்க போடுற?”

“எங்க தெருவுல வண்டி நுழையாது. இந்த சிந்துஜா வூட்டு வேப்பமரத்தடியிலதான். நெழல்ல வுடுங்கண்ணேன்னு அவுங்கம்மாதான் கூப்புட்டுச் சொன்னாங்க.”

ஆரோக்கியராஜின் கை நின்றது. பிறகு இரண்டு போல்ட்டையும் முடுக்கிவிட்டு எழுந்து, அழுக்குத் துணியில் வெகுநேரம் விரல்களைத் துடைத்தார்.

“பழைய வண்டிப்பா. கதவு ஓடுற ரெயிலு தேஞ்சிருக்கு. ஆட்டத்துல லூசாவும்.”

“இப்பதான யாரோ பண்றாங்கன்னீங்க?”

“தப்பா சொல்லிட்டேன். மறுபடி தொங்குனா கொண்டா.”

வேலைச் சுத்தத்துக்குப் பெயர் போன மனுஷர் பேசுகிற பேச்சா இது? கூலி வாங்கினாலாவது சண்டை போடலாம். இந்தக் கதவுக்கு அதையும் அவர் வாங்குவதில்லை. சனிக்கிழமை கடலூருக்குக் கொண்டுபோய்க் கதவையே மாற்றிவிடுவது, இனி இந்த ஷெட் பக்கமே வருவதில்லை என்று நினைத்துக்கொண்டே பொன்னுரங்கம் வண்டியை எடுத்தான்.

மறுநாள் செவ்வாய். காலை நடை முடிந்து வேப்பமரத்தடியில் வண்டியை விட்டுவிட்டுப் பாதி வழி நடந்தவன், செல்போனை வண்டியிலேயே விட்டது ஞாபகம் வந்து திரும்பினான்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சிந்துஜாவின் அம்மா கதவுக்குப் பக்கத்தில் மண்ணில் முழங்காலிட்டிருந்தாள். கையில் ஸ்பேனர்.

கோபப்படக்கூடப் பொன்னுரங்கத்துக்குத் தெம்பில்லை. “உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்? கதவு இப்புடியே இருந்தா வேற வண்டி வச்சிக்குவேன்றாங்க. என் பொழப்பே போவுது.”

அவள் பதறிப்போய் எழுந்தாள். “அய்யோ, இது எனக்குத் தெரியாதுண்ணே. மன்னிச்சிடுங்க. கதவு மேல தப்பில்ல, நான்தான் பண்ணேன்னு எல்லார் வூட்டுக்கும் நானே போயி சொல்லிடறேன். இனிமே தொட மாட்டேன். இந்த ஒரு தடவ மட்டும் வுட்டுடுங்க. நாளன்னிக்கு சாயங்காலம்தான் தொங்கும், அந்த அளவுக்குத்தான் லூஸ் பண்ணியிருக்கேன்.”

“நாளன்னிக்கு என்னா?”

அவள் ஸ்பேனரை முந்தானையில் துடைத்தாள். பத்தாம் நம்பர். பிடியில் அரத்தால் ராவிய ஒரு சின்னச் சிலுவை.

“எங்கப்பாவும் நானும் பேசி எட்டு வருசம் ஆவுதுண்ணே. அவரா கூப்புடாம நான் அந்த ஷெட்டுக்குப் போவ மாட்டேன். ஆனா வியாழக்கிழம அவருக்கு அறுவது முடியுது, அன்னிக்காவது பேத்தி மொகத்தப் பாக்க வேணாமா?”